ரிங் போடாத டேப்

மதியம் இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி நின்று, மெஷின்களின் இரைச்சலும் நின்றதும், என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர், பெயர் பிலோ. ராயபுரத்திலிருந்து ரயிலில் போய்வருவேன். கார்டு பஞ்ச் செய்ய, அதாவது அட்டைகளில் துளையிட்டுக் கணக்கைப் பதியச் சேர்ந்தவளை, இரண்டு வருஷம் கழித்து மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். டேப், அதாவது கணக்கைப் பதிந்து வைக்கும் காந்த நாடா, மாட்டுவது கரீம், தண்டையார்பேட்டைக்காரர். எங்கள் இருவருக்கும் மேனேஜர் சுந்தரேசன்.

அன்றைக்கு ஓட வேண்டியது தற்காலிகத் தொழிலாளர்களின் வருகைப் பதிவு. யார் எத்தனை நாள் வேலை பார்த்தார்கள் என்பது முழுக்க ஒரே ஒரு மாஸ்டர் டேப்பில் இருந்தது. அதற்கு முந்தைய டேப் கெட்டுப்போயிருந்தது. பழைய கார்டுகளில் பாதி, கோடவுனில் மழைத்தண்ணீர் புகுந்து ஊறிப்போயிருந்தன. தேவையான நாட்களை முடித்தவர்களைப் பர்மனென்ட் ஆக்க நிர்வாகம் யூனியனிடம் ஒப்புக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள், ஆட்களின் வேலை விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசுக்கு லிஸ்ட் போக வேண்டும். அதில் பெயர் இல்லாதவருக்கு அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

காலையில் கேன்டீன் வாசலில் முனுசாமி என்னை நிறுத்தியிருந்தார். சடையங்குப்பத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருபவர், வார்ப்புப் பட்டறையில் மண் அள்ளுபவர்.

"இன்னாம்மா, இன்னிக்கு லிஸ்ட் வந்துருமா? அதுல எம் பேரு கீதா, இல்லியா?"

"மெஷின் ஓடினாத்தாங்க தெரியும்."

"நாலு வருசமா வந்துகினு போய்கினு கீறேன். மெஷினுக்குத் தெரியாம பூடுமா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. வந்த பிறகு, டேப்பைச் சுழற்றிப் படிக்கும், எழுதும் டிரைவ்கள் சரியாகச் சுழலவில்லை. சர்வீஸ் என்ஜினீயர் வந்து டேப்புகளைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு டிரைவாகச் சோதித்தார். நடுவில் அவருக்குப் போன் வந்தது. "எல்லாம் ஓகே, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டிரைவ்களின் முகப்பில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். அது எங்களுக்காக. மெஷினுக்கு அந்த எழுத்து தெரியாது. ஒவ்வொரு டிரைவிலும் ஒரு சின்ன டயல் உண்டு. டயல் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, மெஷினுக்கு அதுதான் அந்த டிரைவின் விலாசம்.

கரீம் வழக்கம்போல மாஸ்டர் டேப்பை முதல் டிரைவில் மாட்டினார். அதைப் படிக்க மட்டும்தான் வேண்டும். புதிய கணக்கை எழுத ஒரு பழைய டேப்பை இரண்டாவதில் மாட்டினார். எழுத வேண்டிய டேப்பின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ரிங் செருக வேண்டும். ரிங் இல்லாத டேப்பில் மெஷினால் எழுத முடியாது. இரண்டாவதில் ரிங் இருந்தது, மாஸ்டரில் இல்லை. எல்லாம் சரி என்று ஸ்டார்ட் அழுத்தினேன்.

புது வருகைக் கார்டுகள் கொஞ்சம் ஓடின. மெஷின் நின்றுவிட்டது. முதல் டிரைவில், எழுத முடியவில்லை என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா பிலோ, கரண்ட் வந்தும் பேஜார் பண்ணுது?" என்றார் கரீம்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது. சுந்தரேசன் உள்ளே வந்து, டேப்பின் பின்பக்கம் தடவிப் பார்த்தார்.

"ரிங் இல்லாமதாம்மா நிக்குது. போட்டு ஓட்டுங்க. மணி நாலரை ஆச்சு. பர்சனல் ஆபீஸ்லருந்து மூணு தடவ போன்."

கரீம் ரிங்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம் கரீம் அண்ணே," என்றேன்.

"என்ன வேணாம்?" சுந்தரேசன் குரல் மாறியது.

"சார், அது மாஸ்டர். அதுல எழுத வேண்டிய வேலையே இல்ல. மெஷின் ஏன் சார் அதுக்கு ரிங் கேக்குது?"

அவர் என்னை முறைத்தார். நான் ஸ்டார்ட் பட்டன் முன்னாலேயே நின்றேன். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் வேறு சம்பளம் இல்லை. சுந்தரேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம். பாருங்க," என்றார்.

முதலில் கேபிள்களைப் பார்த்தேன், பிறகு கார்டுக் கட்டைப் பார்த்தேன், ஒன்றும் தப்பில்லை. கடைசியில்தான் டயலைக் குனிந்து பார்த்தேன். ஒன்று என்று பெயின்ட் அடித்த டிரைவின் டயல் இரண்டில் இருந்தது. பக்கத்து டிரைவின் டயல் ஒன்றில் இருந்தது. என்ஜினீயர் சோதனைக்காக மாற்றியதைத் திரும்ப வைக்காமல் போயிருந்தார். ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன்னால் நானும் பார்க்கவில்லை.

மெஷின் பழைய டேப்பை மாஸ்டர் என்று நினைத்துப் படித்துக்கொண்டு, உண்மையான மாஸ்டரின் மேல் எழுதப் பார்த்திருக்கிறது. ரிங் போட்டிருந்தால் நாலு வருஷ வருகை அழிந்திருக்கும்.

"ஐயோ அல்லா," என்று கரீம் ரிங்கை மேஜையில் வைத்தார்.

இரண்டு டயல்களையும் சுந்தரேசன் தானே திருப்பினார். திருப்பி, என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "சரியாம்மா?" என்று கேட்டார். அதுவரை அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கார்டுகளைத் திரும்ப அடுக்கி முதலிலிருந்து ஓட்டினோம். ஐந்தே முக்காலுக்கு பிரிண்டர் லிஸ்ட்டைத் துப்பி முடித்தது.

கேட்டுக்கு வெளியே முனுசாமியோடு இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். பர்சனல் ஆபீஸ்காரர்கள் லிஸ்ட்டைக் கேட் சுவரில் ஒட்டியதும் எல்லாரும் நெருக்கினார்கள். பெயர்கள் இங்கிலீஷில் இருந்தன. முனுசாமி என்னைப் பார்த்தார். நான் அவர் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

"இதுதானா?"

"இதுதாங்க. முனுசாமி, வார்ப்புப் பட்டறை."

"இன்னொரு வாட்டி காட்டும்மா," என்றார். காட்டினேன். அவர் தன் விரலை அங்கே வைத்து, எடுக்காமல் நின்றார்.

மறுநாளிலிருந்து, கரண்ட் போய்வந்தால் டயலைப் பார்க்காமல் ஸ்டார்ட்டைத் தொடக்கூடாது என்று நாங்களே ஒரு விதி எழுதி மெஷினில் ஒட்டினோம். இன்றைக்கு டயல் இல்லை, அந்தப் பெரிய டேப்புகளும் இல்லை. ஆனால் கரண்ட் போய்வந்தபின் ஒரு டிஸ்கைக் கம்ப்யூட்டர் வேறு டிஸ்கின் பெயரில் எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மெஷின் மாட்டேன் என்று நின்றால், எப்படி ஓட வைப்பது என்று யோசிக்கும் முன், அது என்ன செய்யப் போனது என்று பாருங்கள்.

எனக்கு அதைப் பார்க்கப் பத்து நிமிஷம் கிடைத்தது, அவசரத்திலும் ஒருவர் கொடுத்ததால். பின்னால் நான் சூப்பர்வைசர் ஆனபோது, கீழே இருப்பவர் யாராவது "வேணாம் மேடம்" என்றால், முதலில் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அப்புறம்தான் ஏன் என்று கேட்பேன்.