கோதண்டபாணி சாய்ந்த சுவர்

கூட்டம் என்றால் எங்களுக்கு முன்பே வந்து மண்டபத்தில் உலாத்திக்கொண்டிருப்பவர் கோதண்டபாணி அவர்கள். போன வெள்ளிக்கிழமை அவரைக் காணவில்லை. தாமதமாக வருகிறவர்களைத் திட்டுகிற மனிதர் இன்று வசமாக மாட்டிக்கொண்டார் என்று நான் காத்திருந்தேன். அவருடைய ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஏகாம்பரம்தான் வந்தார். "மொதலாளி பூட்டாரும்மா. காலைல நாஷ்டா கூட துன்னல" என்றார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இறந்துபோனவரிடம் சொல்ல முடியாமல் அப்படியே இருக்கிறது.

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு பழைய கல்வெட்டு மண்டபம் இருக்கிறது. அதைப் பாதுகாக்கும் சபையில் நாங்கள் ஐவர் சம்பளமில்லாத அறங்காவலர்கள். பெண் நான் ஒருத்திதான். சபை தொடங்கிய நாளிலிருந்தே கோதண்டபாணி அவர்கள் யாரையும் சுவரில் சாய விட்டதில்லை. "தலை எண்ணெய் கல்லுல எறங்கும். எழுத்து பாழாப் பூடும். சாயாதீங்க!" என்பார். தான் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவோமோ என்று பயந்து, கூட்டம் முடியும்வரை நடந்துகொண்டே இருப்பார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும். "ஒரு நிமிஷம் உட்காரக் கூடாதா ஐயா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். "குந்தினா தூங்கிடுவேம்மா" என்று சிரித்தார்.

பிறகு ஓர் ஆண்டு ஐப்பசியில் பெருமழை வந்தது. ஏரிக்கரைக் குடிசைகள் கரைந்து, கூலி வேலை செய்யும் குடும்பங்கள் பிள்ளைகளோடு மண்டபத்து வாசலில் வந்து நின்றன. சாவி கோதண்டபாணியிடம் இருந்தது. நிலபுலன் உள்ள எங்கள் தலைவர் குறுக்கே நின்றார்.

"இவங்கள உள்ள வுட்டா செவுத்துல சாய்வாங்க. எண்ணெய் எறங்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

தலைவருக்கு எண்ணெயைப் பற்றிக் கவலையில்லை, யாருடைய தலை என்பதுதான் கவலை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நைனா, வூடு பூடுச்சி. கொயந்தைக்கு ஜொரம் கீது" என்றார் அவர்களில் ஒருவரான மரியம்மா, தோளில் பிள்ளையோடு.

கோதண்டபாணி அவர்கள் மழையில் இறங்கி ஓடினார். தலைவருக்குப் பயந்து நழுவுகிறார் என்றே நினைத்து மனத்துக்குள் வைதேன். கடையிலிருந்து, துணி மூட்டைகளைச் சுற்றி வரும் சாக்குகளை வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு திரும்பினார். பூட்டைத் திறந்தார். தூணுக்குத் தூண் கயிறு கட்டிச் சுவர் முழுவதையும் சாக்கால் மறைத்தார். "இப்ப நல்லா சாஞ்சிக்கோங்க" என்றார். தலைவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

காலையில் நான் கஞ்சி கொண்டு போனபோது மழை விட்டிருந்தது. ஒரு மூலையில் மட்டும் சாக்கு இல்லை. அதை அவிழ்த்து மரியம்மாவின் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு, அந்த வெற்றுச் சுவரிலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார் கோதண்டபாணி அவர்கள்.

"எயுப்பாதம்மா. ராவெல்லாம் நடந்துக்கினே இருந்தாரு" என்றார் மரியம்மா.

விழித்ததும் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நானே சாஞ்சிட்டனே!" சீயக்காய் போட்டுத் தேய்த்தார். எண்ணெய்க் கறை போகவில்லை. பிறகு எந்தக் கூட்டத்திலும் அந்த மூலையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரங்கல் கூட்டத்துக்கு முன் அந்தக் கறையைச் சுத்தமாகத் தேய்த்துவிட வேண்டும் என்கிறார் தலைவர். கோதண்டபாணி அவர்களின் மனம் அப்படித்தான் ஆசைப்பட்டதாம். தேய்க்க வருகிறவர் வரட்டும், நான் அந்த மூலையில் குறுக்கே நிற்பேன்.

ஐயா, நடந்தது போதும். இனி யாரும் உங்களை எழுப்பமாட்டோம். சாய்ந்துகொள்ளுங்கள்.