மாதாவுக்கு முன்னால் தூக்காத கால்

நயாபைசாக் காசு வந்த வருஷம் என் இரண்டாவது மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. அவளுக்கு அப்போது மூன்று வயது. கீரனூரிலிருந்து வாங்கி வந்த மருந்தும் கஞ்சித் தண்ணீருமாக நாட்கள் போயின. பத்தொன்பதாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவே இல்லை. வீட்டு மாடத்தில் இருக்கும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால்படியிட்டு நான் நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்து நடந்தால், வருகிற தேர்த் திருவிழாவுக்குக் கோயில் மாதாவுக்கு நீலப் பட்டில் ஒரு மேலாடை என் கையால் தைத்துப் போடுகிறேன் என்றேன்.

என் கையால் என்று ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கிழிசல் தைப்பதும் பொத்தான் வைப்பதும் தவிர வேறு தையல் அறியேன். ஆனாலும் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்து பழைய சோறு கேட்டது.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கண்டியில் கடை வேலை பார்த்த என் அண்ணன் ஊருக்கு வந்தார். வரும்போது கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்றை மரப்பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நேர்ச்சையைப் பற்றி யாரும் அவருக்கு எழுதவில்லை. நான் பெட்டியைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டவள் நான், கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் பத்து நாள் இருந்து சொல்லிக்கொடுத்தார். மேலே ஒரு நூல், கீழே பாபின் என்கிற சின்ன உருளையில் ஒரு நூல், இரண்டும் துணிக்குள் சந்தித்துப் பின்னிக்கொள்வதுதான் தையல் என்றார். மேல் நூல் போகிற வழியை அவரே கோத்துவைத்தார். நூல் தீர்ந்தால் புது நூலைப் பழைய நூலின் வாலில் முடிந்து இழுத்துக்கொள், அதுவே வழி தெரிந்து வந்துவிடும் என்று சொல்லிவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் தெற்கு ஜன்னலடி. மாதா மாடமும் அதற்கு மேல்தான் இருந்தது. அதனால் மிஷின் மாதாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தது. இந்த மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில், துணியை அமுக்கிப் பிடிக்க ஒரு சின்ன இரும்புக் கால் உண்டு. பின்னால் இருக்கும் நெம்பு என்கிற சின்னப் பிடியைத் தூக்கினால் கால் மேலே வரும். இறக்கினால் துணியைப் பிடித்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம், எல்லாரும் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தபோது, என் மாமியார் மிஷினைப் பார்த்தார். மாதாவை அவர் ஆத்தா என்றுதான் சொல்வார்.

“ஏத்தா, ஆத்தா மொகத்துக்கு நேரா இது காலத் தூக்கிக்கிட்டு நிக்கிதே. நம்ம வீட்டுல யாராச்சும் இப்படி நிப்பமா?”

என் வீட்டுக்காரர் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியார் சொன்னது நியாயமாகப் பட்டது. கோயிலில் நாங்கள் காலை நீட்டிக்கூட உட்காருவதில்லை. அன்றிலிருந்து துணியை வைக்கவும் எடுக்கவும் மட்டும் அந்தக் காலைத் தூக்குவேன். அடுத்த நொடி இறக்கிவிடுவேன். மற்றபடி எந்த வேலைக்கும் தூக்குவதில்லை.

அந்த வருஷம் முழுக்க மிஷின் சொன்னபடி கேட்டது. பிள்ளைகளின் பாவாடை, தலையணை உறை, வீட்டுக்காரரின் கால்சட்டை என்று பழகினேன். நூல் தீரும்போதெல்லாம் அண்ணன் சொன்னபடி முடிந்து இழுத்துக்கொண்டேன்.

மறுவருஷம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்து திருவிழா நெருங்கியது. வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்குப் போய் வானத்து நிறத்தில் பட்டு எடுத்துவந்தார். இரண்டு பாகமாக வெட்டி, நடுவில் ஒரு மூட்டுப் போட்டு, சுற்றிலும் மடித்துத் தைத்தால் மேலாடை. உபதேசியார், அதாவது சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், அளவு கொடுத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மாதாவுக்கு அலங்காரம் செய்வார்கள், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பட்டை வெட்டிவிட்டு மிஷினுக்கு வந்தேன். அதில் கால்சட்டை தைத்த கறுப்பு நூல் இருந்தது. அதன் வாலில் மாதாவின் நீல நூலை முடிவதற்கு என் மனசு ஒப்பவில்லை. பழைய நூலை முழுக்க உருவி எறிந்தேன். திருவிழாவுக்கு வீட்டைக் கழுவுகிறமாதிரி மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஊசியும் மெல்லியதாக மாற்றினேன். பிறகு அண்ணன் கோத்ததை ஞாபகப்படுத்தி, முதல் முறையாக நானே அடியிலிருந்து நூல் கோத்தேன். கால் வழக்கம்போல் இறங்கித்தான் இருந்தது.

வெட்டின துண்டு ஒன்றில் தைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் குறையில்லை. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன். தையல் மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

குறை கீழே தெரிந்தது. அதனால் நாங்கள் எல்லாரும் கீழேதான் பார்த்தோம். பாபினைத் திரும்பச் சுற்றினேன். அன்று இரவு என் வீட்டுக்காரர் மிஷினைச் சாய்த்து, பாபின் கூட்டில் உள்ள சின்னத் திருகை முறுக்கினார். வளையம் இன்னும் பெரிதானது. மேல் நூலின் வழியிலும் இரண்டு வட்டத் தட்டுகளும் அவற்றை அழுத்த ஒரு திருகும் இருந்தன. இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதையும் வலமாகத் திருகினேன், இடமாகத் திருகினேன். ஒன்றும் மாறவில்லை. காது கேளாத ஆளிடம் பேசுகிறமாதிரி இருந்தது.

புதன்கிழமை பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தேன். பழந்துணியில் வராதது பட்டில் வந்தாலும் வரும் என்று நினைத்து நிஜப் பட்டிலேயே நடு மூட்டுத் தையலை ஓட்டினேன். அதே வளையம். பிரித்துப் பார்த்தால் ஊசி இறங்கிய இடமெல்லாம் துளை; பட்டில் விழுந்த துளை மூடாது. அதை உள்ளே மடித்து வியாழக்கிழமை இன்னொரு தடவை ஓட்டினேன். அதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. இனி ஒரு தடவைதான் மடிக்க இடம் இருந்தது. அதற்கு மேல் மடித்தால் மாதாவின் தோளுக்கு எட்டாது.

என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி வாத்தியார், கோபம் வராத மனுஷர். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“கீரனூர் டெய்லர்ட்ட குடுத்திருவோம். ஒரு மணி நேர வேல. ஆத்தா கோவிச்சுக்கிறமாட்டா.”

“ஆத்தா கோவிக்கமாட்டாங்க. நான் சொன்ன சொல்லு என்னாகுறது?”

அவர் எழுந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனார். நேர்ந்துகொண்டவர் அவரில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பதாம் நாள் வாசலில் நின்று அழுதவர் அவர்.

வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, அடுப்படி வேலை சீக்கிரம் முடிந்தது. ஜன்னலில் வெயில் ஏறுகிற நேரத்துக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பழந்துணி ஒன்றை ஓட்டினேன். நாலு தையலில் அடியில் நூல் சுருண்டு, துணி அப்படியே மாட்டிக்கொண்டது. இழுத்தால் ஊசி உடையும். ஒரு கையால் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்கை அறுப்பதற்காக முகத்தை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அப்போதுதான் கண்டேன். வெயில் அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவே தெரிந்தது.

நயாபைசாவைவிடக் கொஞ்சம் பெரிய தட்டுகள், எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. இப்போது ஒரு மயிரளவு விலகியிருந்தன. காலை இறக்கினேன், தட்டுகள் மூடின, வெயில் மறைந்தது. தூக்கினேன், திறந்தன. இறக்கினேன், மூடின. முன்பக்கத்துத் தட்டுக்கும் பின்பக்கத்து நெம்புக்கும் உள்ளுக்குள் ஏதோ உறவு. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. நூலைப் பார்த்தேன். அது தட்டுகளுக்கு நடுவில் இல்லவே இல்லை. மூடிய தட்டுகளின் விளிம்பில், மேலோடு சும்மா படுத்திருந்தது. காலை இறக்கிவைத்துக்கொண்டு, நான் நாலு நாளாக மூடின வாயில் சோறு ஊட்டியிருக்கிறேன். நூலைப் பிடிக்க யாரும் இல்லாததால் அது இஷ்டத்துக்கு இறங்கிக் கீழே வளையமாக விழுந்திருக்கிறது. குறை கீழே தெரிந்தாலும் அது மேலே இருந்துதான் வந்தது.

அது புரிந்த பிறகும் என் கை தயங்கியது. நூல் கோக்க வேண்டுமானால் மாதா முகத்துக்கு எதிரே காலைத் தூக்கி நிறுத்த வேண்டும். மிஷினைத் திருப்பி வைக்கலாமா என்று பார்த்தேன். திருப்பினால் என் நிழல் ஊசிமேல் விழுந்தது. அந்த நேரம் மாமியார் சொம்பில் தண்ணீரோடு வந்தார். என்ன யோசனை என்று கேட்டார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

“நான் வெளாட்டுக்குச் சொன்னது ஒனக்கு வேதமாப் போச்சா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. எங்கே, காட்டு என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெம்பை அவரே தூக்கினார், இறக்கினார். கண் மங்கலானவர், அதனால் விரல் நுனியைத் தட்டுகளின்மேல் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை தூக்கினார். அது திறப்பது விரலுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இத யோசிச்சவன் நல்ல தாய் வயித்துல பொறந்தவன். தூக்குத்தா. அவுக உடுப்புக்குத்தான தூக்குற.”

காலைத் தூக்கி, நூலை இரண்டு கையாலும் பிடித்துத் தட்டுகளுக்கு நடுவே இறக்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காலை இறக்கிவிட்டு நூலை மெல்ல இழுத்தேன். அது உடனே வரவில்லை. மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டு, கேட்டால் கொடுக்கிறேன் என்று சொல்வதுபோல் அளவாக வந்தது. எந்தத் தேசத்திலோ, நம் மொழி தெரியாத யாரோ ஒருவர் இதை நினைத்துச் செய்திருக்கிறார். துணியை எடுக்கும்போது நூல் தளர வேண்டும், தைக்கும்போது இறுக வேண்டும், இரண்டையும் ஒரே கை அசைவில் செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனுஷருக்காக ஜெபமாலையில் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை ஒரு தடவை சொன்னேன். மாமியாரும் கூடச் சொன்னார்.

அதற்குப் பிறகு திருகு நான் சொன்னதைக் கேட்டது. வீட்டுக்காரர் முறுக்கிய பாபின் திருகை முதலில் பழைய இடத்துக்குத் தளர்த்தினேன். அடையாளம் தெரிவதற்காகக் கீழே வெள்ளை நூல் போட்டு, மேல் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்த்திப் பழந்துணியில் ஓட்டினேன். முதலில் நீலம் அடிப்பக்கம் எட்டிப் பார்த்தது. இன்னும் நகர்த்தினேன், இப்போது வெள்ளை மேல்பக்கம் புள்ளி புள்ளியாக வந்தது. திருகைக் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். ஏழாவது துண்டோ எட்டாவதோ, மேலே நீலம் மட்டும், கீழே வெள்ளை மட்டும். இரண்டும் சந்தித்த இடம் துணிக்குள்ளே எங்கேயோ இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டின் கனம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அதற்குள்ளும் ஒரு நடு இருக்கிறது. அந்த நடுவில் இரண்டு நூலும் கைகோத்துக்கொண்டு, ஒன்று மற்றதைத் தன் பக்கம் இழுக்காமல் நிற்கின்றன. இதைப் பார்க்கத்தான் நாலு நாள் அலைந்தேனோ என்று இருந்தது.

கீழேயும் நீல நூல் மாற்றிக்கொண்டு பட்டை வைத்தேன். பழைய துளைகளை உள்ளே மடித்துவிட்டால் இனிப் பிரிக்க இடமில்லை. மாமியார் துணியின் மறுமுனையைத் தரையில் படாமல் ஏந்திக்கொண்டார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். கோடி வரைக்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். முடிந்ததும் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை; மாமியார்தான் திருப்பினார், விரலால் தடவினார், தலையை ஆட்டினார். சுற்று மடிப்பும் அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உபதேசியார் மேலாடையை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். தேர் குலுங்குகிற குலுங்கலில் பிரிந்துவிடக் கூடாதே என்று நடு மூட்டுத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. திருப்பினார், மறுபடி திருப்பினார். அவருக்கும் வயது ஆகிவிட்டது, பார்வை அவ்வளவு போதாது.

“இதுல எதும்மா நல்ல பக்கம்?” என்று கேட்டார்.

பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஓர மடிப்பு தெரிகிற பக்கத்தைத் தொட்டு, இதுதான் உள்பக்கம் என்று காட்டினேன்.