தொப்பிக்குள் மஞ்சள் தண்ணீர்

போன சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரி மல்லாந்து கிடந்தார்.

அதாவது... அவருடைய தொப்பி.

ஈப்போ பக்கம் புந்தோங்கில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டுக்குள் என்னென்னவோ வந்திருக்கிறது. இது புதுசு. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு விளிம்பு, வெள்ளி நிறத்தில் முறுக்கிய நாடா, முன்பக்கம் சிறகு விரித்த கழுகு. அதன் காலடியில் நாஜிகளின் அந்த ஸ்வஸ்திகாச் சின்னம். நம் பூசை அறையில் இருப்பது வேறு, இது வேறு என்று தெரியாதவனா நான்? பட்டென்று பழையபடி மல்லாத்தி வைத்துவிட்டேன்.

என் மகள் தர்ஷினிக்கு இருபது வயது. பழைய ராணுவப் பொருள்களைப் பற்றிப் படிப்பது அவள் பொழுதுபோக்கு. மற்ற பெண்கள் சேலை பார்க்கும் வேகத்தில் இவள் பித்தான் பார்ப்பாள். ஆனால் படம் பார்ப்பது வேறு, பொருளே வீட்டுக்கு வருவது வேறு இல்லையா?

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் உடுத்தியது, புழங்கியது எதுவானாலும் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் வீட்டில் வைக்க மாட்டோம். இறந்துபோன பக்கத்து வீட்டு அண்ணனின் மோட்டார் சைக்கிளை வாங்கியபோது அதற்கும் தெளித்தோம். அவர் பரம சாது. இந்தத் தொப்பிக்காரன் எத்தனை பேரைக் கொன்றானோ? மனைவி மருத்துவமனையில் காலை ஷிஃப்ட். மகள் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை.

தெளித்தேன். கொஞ்சம் தாராளமாகவே.

பொட்டலத்தோடு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இதுல என்னா ஊத்துனீங்க?"

"ஊத்தல மா. தெளிச்சேன்."

"உள்ள குளமா நிக்குது. இது நம்ம சாமான் இல்லப்பா. லோ அங்கிளோடது."

லோ அங்கிள் ஈப்போ பழைய நகரத்தில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். தொப்பி அசலா என்று பார்த்துச் சொல்லும்படி இவளிடம் கொடுத்திருக்கிறார். மறுநாள் பினாங்கிலிருந்து ஒருவர் வாங்க வருகிறாராம். இரண்டு வருடமாகப் படித்தவளிடம் முதல் தடவையாக ஒருவர் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். அதில்தான் அப்பன் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

"அசல்தானே மா?" என்றேன், பேச்சை மாற்ற.

கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினாள். அதிகாரி என்றால் முறுக்கு நாடா, சிப்பாய்க்கு வெறும் தோல் வார். ஓரத்தில் வெள்ளைக் கோடு, அதனால் காலாட்படை. கழுகைக் குத்திய துளைகள் ஒரே ஜோடி. கூடுதலாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். வெளித்துணியை ஊதா டார்ச்சிலும் பார்த்துவிட்டாளாம். நோட்டு நல்லதா கள்ளதா என்று கடைகளில் பார்ப்பார்களே, அந்த வெளிச்சம்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரிஜினல்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"



தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க, உள்ளே நெற்றியில் படும் தோல் பட்டையை மெல்ல வெளியே மடித்தாள். ஜன்னலைச் சாத்தி டார்ச்சை அடித்தாள். நான் தெளித்த மஞ்சள், தீபாவளி விளக்கு மாதிரி பச்சையும் மஞ்சளுமாக ஜொலித்தது. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அப்பா... இந்தத் தையலப் பாருங்க."

தோலுக்குப் பின்னால் வரிசையாக நீல வெள்ளையில் மின்னிக்கொண்டிருந்தது நூல்.

"அதுவும் மஞ்சளா மா?"

"இல்லலா. மஞ்சள் இந்தக் கலர்ல மின்னாது. இப்ப வர்ற நூல்ல சலவைத்தூள்ல போடுற மாதிரி ஒரு வெளுப்பு மருந்து இருக்கும். அந்தக் காலத்துல அது இல்ல."

"யாராவது சோப்பு போட்டுத் துவைச்சிருந்தா?"

"துணியும் சேந்து மின்னுமே. நூல் மட்டும் எப்படி?"

உள் துணியைப் பிரித்துப் பார்த்தாள். அங்கேயும் அதே நூல். மேலே கம்பளியை வைத்து அழகாக ஏமாற்றிய ஆசாமி, யார் உள்ளே பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். மஞ்சள் தண்ணீர் உள்ளே போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

மதியமே கடைக்குப் போனோம். மஞ்சளை மறைக்கலாமா என்று நான் கேட்டதற்கு ஒரு முறை முறைத்தாள். லோ அங்கிளிடம் முதலில் அதைத்தான் சொன்னாள், பிறகுதான் நூலைக் காட்டினாள். அவர் டார்ச்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அலாமா," என்று அங்கலாய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மலாயில், "ஒரிஜினலா இருந்திருந்தா இன்னிக்கு உங்கள வீட்டுக்கு விட்டிருக்க மாட்டேன்," என்றார். பினாங்குக்காரருக்கு அங்கேயே போன் போட்டு, வர வேண்டாம் என்றார். தொப்பி இப்போது 'போலி' என்று எழுதிய அட்டையோடு கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. மஞ்சள் கறை நன்றாகவே தெரிகிறது.

பிள்ளைகளின் உலகத்துக்குள் நுழையும்போது பெற்றோர் முதலில் செய்வது என்ன? தண்ணீர் தெளிப்பதுதான். ஒவ்வொரு தடவையும் இப்படித் தப்பிக்க முடியாது என்று எனக்கே தெரியும்.  ஆனால் அந்தக் கடையில் அவள் ஒன்றையும் மறைக்காமல் நின்ற விதம் இருக்கிறதே... அதை நினைத்தால் அந்தப் பயமும் போய்விடுகிறது.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது லோ அங்கிள் அவளிடம் சொன்னார், அடுத்ததாக ஒரு ஜப்பான்காரன் வாள் வருகிறதாம், அதையும் அவள்தான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

சாமி, அதுவும் போலியாகவே இருக்கட்டும்.