பாவாயி போட்ட ஷூ

பாவாயிக்குப் பாதிக் கால் போனதற்கு நான்தான் காரணம்.

சர்க்கரை வியாதியால் போனது என்று ஊரில் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் முழுதாக நம்ப வேண்டாம். சர்க்கரை பாதி, என் வாய் மீதி.

பாவாயி என் கொழுந்தன் மனைவி. எடப்பாடிப் பக்கம் ஒரே தெருவில் குடியிருக்கிறோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தறிக்கொட்டகைதான். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் வளர்ந்தது. தெருவில் பாதிப் பேருக்குப் பட்டப்பேர் வைத்தது நான். இழுத்து இழுத்துப் பேசும் தறிக்காரர் ஒருவருக்குக் 'கரண்டு போன தறி' என்று வைத்தேன். இன்றைக்கும் அவர் பேரக்குழந்தைகளே அப்படித்தான் சொல்கின்றன. விசேஷ வீட்டில் என்னைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். சிரிக்க வைக்கிறவளுக்கு எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ருசி பழகிவிட்டது...

எனக்கும் பாவாயிக்கும் சர்க்கரை இருப்பது ஒரே நாளில்தான் தெரிந்தது. ஒன்றாகப் போய் ஒரே டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. டீயில சக்கரைய நிறுத்துங்க. ராத்திரிச் சோத்தக் கொறைங்க. காலையில கொஞ்ச தூரம் நடங்க. சின்னச் சின்ன மாத்தந்தான்" என்றார்.

பிறகு எங்கள் உள்ளங்காலில் நைலான் நூல் போன்ற ஒன்றால் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கூசியது. பாவாயி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டது தெரியுதாம்மா?"

"எப்பங்க தொட்டீங்க?" என்று கேட்டாள் பாவாயி.

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, முள் குத்தினாலும் தெரியாது, ரப்பர் செருப்புப் போதாது, வெளியே போனால் கால் மூடிய ஷூ போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நானும் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பஸ் ஏறுமுன் பேக்கரியில் தேங்காய்ப் பன் வாங்கி அவளிடம் பாதியை நீட்டினேன். "வேண்டாங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாதியையும் நானே தின்றேன்.

அவள் மகன் சேலத்திலிருந்து ஷூ வாங்கி வந்தான். வெள்ளை நிறம், ஓரத்தில் ரோஸ் கோடு. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் ஏரிக்கரை வரைக்கும் நடப்பாள். என் வாசலைத் தாண்டும்போது சப்பு சப்பென்று சத்தம் கேட்கும். நான் போர்வைக்குள் கிடப்பேன். ராத்திரிச் சோற்றை விட்டுக் கம்மங்களிக்கு மாறினாள். ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள்.

"சின்னத்தையப் பாருங்க, எப்படி ஆயிட்டாங்கன்னு. நீங்களுங்கூடப் போலாமுங்க அத்தை" என்றாள் என் மருமகள்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வெளி மாநிலம் போகிறவர்கள். அவர்கள்தான் அப்படிக் கால் மூடிய ஷூ போடுவார்கள். அடுத்த நாள் வாசலில் நின்று பாவாயியைப் பிடித்தேன்.

"ஏ புள்ள, ரிக்கு வண்டியில வேலைக்குச் சேந்துட்டயா? தண்ணி வந்துச்சா, இல்ல வெறும் புகைதானா?"

தறிக்கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நீங்க சிரிங்கக்கா. எனக்குக் கால்ல உசுரு இருந்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நிற்கவில்லை பாருங்கள்... அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'ரிக்கு மேஸ்திரி' என்று பேர் வைத்தேன். சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. அப்போதும் அவள் நடந்தாள்.

பிறகு, நாங்கள் நங்கை என்று கூப்பிடும் நாத்தனாரின் பேரனுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வந்தது. கிடா வெட்டு, பெரிய கூட்டம். சாப்பிட்டுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பந்தல் ஓரத்தில் பாவாயியின் ஷூ கிடந்தது. அவள் கை கழுவப் போயிருந்தாள்.

"பெரியம்மா, எங்களுக்கு ஏதாச்சும் பண்ணிக் காட்டுங்க" என்று இளசுகள் கேட்டார்கள். கேட்காவிட்டாலும் செய்திருப்பேன்.

சேலையைத் தூக்கிச் செருகினேன். அவள் ஷூவைப் போட்டேன். தலையில் துண்டைக் கட்டி, பிரியாணிக் கரண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, அவள் நடக்கிற மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க, மேஸ்திரி வாராங்க" என்று நானே கட்டியம் சொல்லிக்கொண்டேன். பந்தலே குலுங்கியது. சம்பந்தி வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

நடுவில் பாவாயி வந்து நின்றாள். ஈரக் கையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

கண் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், நான் பார்த்தேன். பார்த்த பிறகும் இன்னொரு சுற்று நடந்தேன்.

ஏன் நடந்தேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். கை தட்டினார்கள், நடந்தேன் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. டாக்டர் சொன்னது எனக்கும்தான். அவள் நடந்தால் நானும் நடக்க வேண்டும். அவள் பன்னை வேண்டாமென்றால் நான் தின்பது தெரியும். அவளை உட்கார வைத்துவிட்டால் எனக்குத் துணை கிடைக்கும்... இவ்வளவுதான். இவ்வளவு அற்பம்.

அடுத்த நாள் விடியலில் சப்பு சப்பென்ற சத்தம் வரவில்லை. காதுகுத்துக் களைப்பு என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. சொல்லவே கூசுகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. புரண்டு படுத்து நன்றாகத் தூங்கினேன்.

ஷூ அவள் வீட்டுப் பரணுக்குப் போனது. பழைய ரப்பர் செருப்பு காலுக்கு வந்தது. அதோடுதான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கக் காட்டுக்குப் போனாள். வேலிமுள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. வீடு துடைத்த அவள் மருமகள்தான் தரையில் ரத்தத் திட்டைப் பார்த்துவிட்டு, யாருக்குக் காயம் என்று தேடியிருக்கிறாள். மஞ்சள் பத்துப் போட்டார்கள். ஆறவில்லை. விரல் கறுத்து, வாடை வந்த பிறகு சேலத்துக்குக் கொண்டுபோனோம். முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரித்த அன்று நான் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டிலருகே நின்றேன்.

"ஷூ போடச் சொல்லியிருந்தாங்களாமே, ஏம்மா போடல?" என்று கேட்டார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்.

பாவாயி விட்டத்தைப் பார்த்தாள். "கடிச்சுதுங்க சார்" என்றாள்.

அவள் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடிச்சா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? வேற வாங்கியாரமாட்டனா? உங்க அலட்சியத்துல காலையே உட்டுப்போட்டீங்களேம்மா."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஊரே அடங்காத வாய் என்று சொன்ன இந்த வாய், அன்றைக்குத் தூக்கு மூடியைத் திறந்து, "ரசஞ்சோறு ஊட்டட்டுமா சாமி?" என்று மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் நடக்க ஆரம்பித்தேன். பயத்தில்தான். டீயில் சர்க்கரை இல்லை, ராத்திரி களி, காலில் ஷூ. கேலி செய்ய ஊரில் ஆளில்லை, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவளே நடக்கிறாளே... சர்க்கரை இறங்கிவிட்டது. எங்கள் டாக்டர் பாவாயியை வைத்துக்கொண்டே, "உங்கக்காவப் பாருங்கம்மா. இந்த வயசுல எப்படி மாத்திக்கிட்டாங்க" என்றார். பாவாயி தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்தேன். என் உடம்பு தேறியது அவள் காலைத் தின்றுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

ஒரு மத்தியானம் அவள் தனியாக இருந்தபோது போனேன்.

"பாவாயி, அன்னைக்குக் காதுகுத்துல..."

"எந்தக் காதுகுத்துங்கக்கா? நம்ம நங்கை பேரனுக்கா? அவன் இப்ப நெடுநெடுன்னு வளந்துட்டானுங்க" என்று சொல்லி, பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனாள். மன்னித்தாளா, மன்னிக்க மனமில்லாமல் கதவைச் சாத்தினாளா? எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. உங்களைத் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அவள் மகன் இன்னும் அவளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் அவளே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, முன்ன மாதிரி ஒண்ணுஞ் சொல்லமாட்டீங்கறீங்க. சிரிச்சே ரொம்ப நாளாச்சுங்க."

யாரைப் பற்றியும் சொல்ல வரவில்லை. என்னைப் பற்றியே சொன்னேன். ஏரிக்கரையில் நாய் துரத்த, நின்றிருந்த லாரியின் பின்னால் தொற்றி ஏறியதையும், அது கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு என்னைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் பேய் என்று பயந்து வண்டியை நிறுத்திக் குதித்ததையும் நடித்துக் காட்டினேன். பாவாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணும் சேர்ந்துதான் சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தன்னை அறியாமல், சேலைக் கரையை இழுத்து அந்தக் காலை என் கண்ணில் படாமல் மூடிக்கொண்டாள்.