ஐந்து அலமாரிகளுக்கு நடுவே அண்ணன் விட்ட இடம்

அன்பான உறவுகளே, நண்பர்களே, அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தபோது, "நீ பேசுற மாதிரியே எழுது பாப்பா, அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். பேச்சில் எனக்குப் பஞ்சமில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று காலை கிள்ளான் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் போர்ச்சில் நான் கண்டதை நினைத்தால் இன்றும் வாயடைத்துப் போகிறது. அண்ணனின் சாவு ஓர் இடி என்றால், அந்தப் போர்ச்சில் கண்டது இன்னோர் இடி.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கருநாக்கு என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் சொல்வார்கள். வேண்டாததை நான் சொன்னால் அது நடந்துவிடுமாம். அண்ணன் ஒருவர்தான் அதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் போவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்தே நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைதான் அவரைக் கொண்டுபோய்விட்டதோ என்று நான் பட்ட பாட்டை எழுதாமல் இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது.

அண்ணன் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பாவுக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், நான் அவருக்குப் பதினோரு வயது இளையவள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் தச்சராகச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கு ஒரு துணி அலமாரி செய்துகொடுத்தார். அம்மாடி, அது என்ன கனம்! வீட்டுக் கூடத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. "எம்மவன் செஞ்சது" என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து திறந்து காட்டுவார்.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா இறந்தார். அவரைக் கூடத்தில் கிடத்த இடமில்லை. அலமாரியை வெளியே கொண்டுபோகலாம் என்றால் வாசல் கொள்ளவில்லை. கூடத்திலேயே வைத்துப் பலகை சேர்த்துச் செய்த அலமாரி அல்லவா! கடைசியில் அப்பாவை உள்ளறையில் வைத்துக்கொண்டு, அண்ணன் தான் செய்த அலமாரியைத் தானே சுத்தியலால் உடைத்தார். ஒவ்வோர் அடிக்கும் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஊரே வாசலில் நின்று பார்த்தது. அதைப் பற்றி அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

அப்பா இல்லாத குறை தெரியாமல் என்னை வளர்த்தார். எனக்குக் கல்யாணம் முடித்து, அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அண்ணியைக் கைப்பிடித்தார். கிள்ளானில் வரிசை வீடு ஒன்றில் குடியேறியதும், போர்ச்சில் ஒரு பழைய கடைசல் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். மரக்கட்டை சுழல, அதில் உளியை வைத்துக் கடைவார். மத்து, தொட்டில் கட்டை, பம்பரம், கிண்ணம் என்று எதையாவது கடைந்துகொண்டே இருப்பார். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் கடைந்த சப்பாத்திக்கட்டை இருக்கும். நம் உறவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அதுதான் அவர் பரிசு. "மாமா, எங்களுக்கு எதிரா நீங்களே ஆயுதம் குடுக்கிறீங்களே" என்று மாப்பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

போர்ச் பட்ட பாடுதான் பாவம். உளி ஒரு பக்கம், மரத்துண்டு ஒரு பக்கம், வார்னிஷ் டின் ஒரு பக்கம், கணுக்கால் வரை சீவல். கார் தெருவில் வெயிலில் காயும். சின்ன வயதில் கீழே விழுந்ததில் அண்ணிக்கு வலது தோள் பலமில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு தினமும் பெருக்குவார். நான் போகும்போதெல்லாம் அண்ணனைத் திட்டிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், திடீரென்று ஒரு நாள் அண்ணன் சொன்னார்: "எல்லாத்தையும் அலமாரில அடைச்சு, அதுக்குச் சக்கரம் மாட்டிடப் போறேன் பாப்பா. கை வச்சா நகரணும்." அப்பாடா, நம் திட்டுக்குப் பலன் கிடைத்ததே என்று நான்தான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

முதல் அலமாரி இடுப்பு உயரம். மெராந்தி மரச் சட்டம், பிளைவுட் பலகை, மூன்று இழுப்பறை. உளிகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க, பழைய கம்பளியை வெட்டி உள்ளே விரித்திருந்தார். சக்கரம் மாட்டி நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கத் திரும்பினார் பாருங்கள், அலமாரி தானாகவே கிளம்பிவிட்டது! மழைத்தண்ணீர் வடிவதற்காகப் போர்ச்சுத் தரை தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். அது அவர் ஞாபகத்தில் இல்லை. திறந்திருந்த கேட்டைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுச் சாக்கடையில் போய்க் கவிழ்ந்தது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர், பாச்சிக் என்று கூப்பிடுவோம், "அபாங், அல்மாரி ஜாலான் ஜாலான் கா?" என்று கேட்டாராம். அலமாரி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதா என்கிறார் மனுஷன்!

"காலம் பூரா ரயில் பெட்டிக்கு வேலை செஞ்சவருக்கு, சக்கரம் வச்சா பிரேக் வைக்கணும்னு தெரியாதா அண்ணே?" என்று நான் கேட்டேன்.

"பிரேக் எங்க செக்‌ஷன் இல்ல பாப்பா. நாங்க மரம் மட்டும்தான் லா" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மரத்தடை வைத்தார். கால் விரலால் அழுத்தினால் தரையில் ஊன்றிக்கொள்ளும், விரலால் நெம்பினால் விட்டுவிடும். மொத்தம் ஐந்து அலமாரிகள். ஐந்தாவதன் தலையில் கடைசல் மெஷினையே ஏற்றிவிட்டார். ஒவ்வொன்றையும் முடித்ததும் அண்ணியைக் கூப்பிடுவார். "இடது கையால தள்ளு. உன்னால முடியலன்னா நான் செஞ்சது தப்பு." இரண்டு முறை சக்கரத்தை மாற்றினார். வேலை செய்யும்போது அலமாரிகள் நடுவில் அவரைச் சுற்றி நிற்கும். வேலை முடிந்ததும் எந்த அலமாரி சுவரோரம் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருந்தார்.

நான் அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான். ஐந்தையும் சுவரோரம் தள்ளி அண்ணி காட்டினார். நடுவில் ஆறேழு அடிக்கு வெறும் தரை. கார் வந்து நிற்கவும் அந்த இடம் போதாது. சும்மா பாராட்டிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நடுவுல எதுக்கு இவ்ளோ எடம்? ஆளப் படுக்க வைக்கவா?" என்றேன்.

அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "இருக்கட்டும் பாப்பா. ஒரு நாளைக்கு வேணும்." தன் ஒரே மகளின் கல்யாணத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலையில் தொலைபேசி. அண்ணன் மகள்தான். "அத்தை, அப்பா..." என்றதோடு குரல் நின்றுவிட்டது. அலமாரிகளை நடுவில் இழுத்து நிறுத்திவிட்டு, மெஷின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். மெஷினைக்கூடப் போடவில்லை. நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து டாக்சியில் கிள்ளான் போகும் வழியெல்லாம், "நான் சொன்னேனே, நான் சொன்னேனே" என்று என்னை அறியாமல் புலம்பியிருக்கிறேன். டாக்சிக்காரர் பயந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நான் போய் இறங்கியபோது அண்ணன் உள்ளே கட்டிலில் இருந்தார். போர்ச்சில் அவருடைய பட்டறை நண்பர்கள் ஆறு பேர் அலமாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட அசையவில்லை. "சக்கரம் இறுகிப்போச்சு போல, கடப்பாரை கொண்டாங்கடா" என்றார் ஒருவர். "நேரமாவுது, ஒடைச்சுப் போட்டுடலாம்" என்று இன்னொருவர் சுத்தியலைக் கையில் எடுத்தார். அடியில் தடை இருப்பது அந்த நேரத்தில் எனக்கும் மறந்துபோயிருந்தது. மறுபடியும் அலமாரியா, மறுபடியும் சுத்தியலா!

அப்போது அண்ணி உள்ளேயிருந்து வந்தார். அழவில்லை. "கொஞ்சம் நகருங்கண்ணே" என்றார். கால் விரலால் அடியில் இருந்த தடையை நெம்பிவிட்டு, இடது கையை வைத்தார். அலமாரி சத்தமே இல்லாமல் போய் மஞ்சள் கோட்டில் நின்றது. விரலால் அழுத்தினார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. கடைசியாக மெஷினோடு ஐந்தாவது. ஆறு ஆண்களும் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைத் தூக்கிவந்து நடுவில் கிடத்தினோம். தலைமாட்டில் விளக்கு வைக்க இடம், கால்மாட்டில் ஆள் நிற்க இடம், சுற்றிவர வழி, எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அண்ணியிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. "அண்ணி, நான் சொன்ன வார்த்தைதான் அண்ணனைக் கொண்டுபோயிடுச்சா?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பைத்தியம். சக்கரம் வாங்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும். சட்டையத் தொவைக்கும்போது பாக்கெட்ல நெஞ்சுவலி மாத்திரை இருந்துச்சு. அவரு சொல்லல, நானும் கேக்கல. உங்க அப்பா செத்தன்னைக்கு அலமாரிய ஒடைச்ச கதைய மட்டும் ரெண்டு தடவ சொன்னாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. தெனமும் சாயந்தரம் அஞ்சையும் தள்ளச் சொல்லுவாரு. நல்லாத் தள்ளுனா சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்காகத் தள்ளுனேன் பாப்பா."

அண்ணியே தொடர்ந்தார். "அன்னிக்கு நீ அப்படிக் கேட்டுட்டுப் போனியே, அன்னிக்கு ராத்திரி சோறு சாப்புடும்போது நெனச்சு நெனச்சுச் சிரிச்சாரு. பாப்பா ஒருத்திதான் சரியாக் கண்டுபிடிச்சா, ஆனா கண்டுபிடிச்சது அவளுக்கே தெரியலன்னாரு."

அண்ணா, உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று ஓடிவந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும், கூடாரம் போட்டவர்களுக்கும், வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்த எதிர்வீட்டு பாச்சிக் குடும்பத்துக்கும், பதினாறு நாளும் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்து அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அலமாரி தூக்க வந்த பட்டறை நண்பர்கள் ஆறு பேருக்கும் சிறப்பு நன்றி. உங்களுக்கு வேலை வைக்காமல் போய்விட்டார் அண்ணன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அலமாரிகள் இன்னும் அதே போர்ச்சில்தான் இருக்கின்றன. காலையில் பெருக்குவதற்காக ஒதுக்கிய ஐந்தையும் அண்ணி தினமும் சாயந்தரம் இடது கையால் தள்ளுகிறார். சுவரோரத்துக்கு அல்ல, நடுவுக்கு. அந்த இடம் காலியாகக் கிடந்தால் அவரால் பார்க்க முடியவில்லையாம்.