கிழிசலுக்கு ஒன்று

பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள், "பெரியம்மா, இதப் பாருங்களேன்" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றாகத் தொட்டால் ஓடிப்போய் ஒரு மூலையில் நிற்கின்றன. பத்தாவது குச்சி போய்ச் சேர்ந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம். தானாகவே ஒரு கட்டாகிவிடுகிறது. ஒன்பதில் கட்டு விழாது. பதினொன்றாவதற்கு இடமே கிடையாது. தப்புப் பண்ணவே முடியாத ஏற்பாடு. "நல்லாருக்குடி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குச்சி என்றால் எனக்கு ஈர்க்குச்சிதான். பச்சைத் தென்னோலையை வகுந்து ஈர்க்கு உருவும்போது ஒரு வாசனை வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது வந்தால் அதன் பின்னாலேயே ரப்பர் பேண்ட் வாசனையும், திருமானூர்ப் பக்கத்தில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் சுண்ணாம்பு வாசனையும் வந்து நிற்கும்.

நான் குன்னத்துக்காரி. மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் வானத்தைப் பார்த்து விளைகிற சீமை. வேலைக்கு வந்த இடத்தில் கொள்ளிடக்கரை வாழைத்தோப்புகளைப் பார்த்து வாயைப் பிளந்தவள். அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய் இறங்கும்போது, புழுதி படிந்து இருபத்து மூன்று வயதிலேயே தலை நரைத்திருக்கும். பயிற்சியில் முதல் மார்க் வாங்கிய திமிர் வேறு. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர இந்த ஜில்லாவில் என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றுகளின் இடம், பத்துகளின் இடம் என்று பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவது இருக்கிறதே, அது லேசுப்பட்ட வேலை இல்லை. இருபத்து மூன்றில் இருக்கும் இரண்டு, இரண்டு இல்லை, இருபது. நமக்கு இது ஒரு விஷயமா? ஏழு வயதுக்கு அது பெரிய அநியாயம். நேற்றுவரை இரண்டாக இருந்தது, இடம் மாறி உட்கார்ந்ததும் இருபதாகிவிட்டால் யாரைத்தான் நம்புவது? அதற்குத்தான் குச்சி. நான் எண்ணிக் கொடுப்பேன். அவர்கள் பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். கட்டுகளை இடது கட்டத்தில் வைத்து, மிச்சக் குச்சிகளை வலது கட்டத்தில் வைத்து, அதைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். ரப்பர் பேண்டுகளைப் பரோட்டாக் கடையில் கெஞ்சி வாங்கி வருவேன். பாதி அவர்கள் வாய்க்குள் போகும், மீதி ஜன்னல் வழியாகப் பறக்கும்.

இரண்டாம் வகுப்பில் பவித்ரா என்று ஒருத்தி இருந்தாள். ரப்பர் பேண்டே கேட்கமாட்டாள். பைக்குள்ளிருந்து வாழைநாரை எடுத்து, எச்சில் தொட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவாள். என் விரலுக்கு இன்றுவரை வராத முடிச்சு. ஆனால் எழுதும் விடை மட்டும் தப்பாகவே இருக்கும். இருபத்து மூன்று குச்சி கொடுத்தால் இருபத்து ஒன்று என்று எழுதுவாள். முப்பத்து நான்கு கொடுத்தால் முப்பத்து ஒன்று.

"கட்டுல எத்தன?"

"பத்து டீச்சர்."

"வெளிய?"

"ஒண்ணு."

"நான் எத்தன குடுத்தேன்?"

"இருபத்து மூணு."

"அப்ப மிச்சம் ரெண்டு எங்கடி? கீழ போட்டியா?"

அவள் உடனே குனிந்து பலகைக்கு அடியில் தேடுவாள். பக்கத்துப் பிள்ளையின் காலை நகர்த்திவிட்டுத் தேடுவாள். தரையில் ஒன்றும் இருக்காது. "அது வந்து டீச்சர்..." என்று ஒருநாள் ஆரம்பித்தாள். "வந்து போயியெல்லாம் வேணாம், ஒழுங்கா எண்ணு" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். ஆமாம், குட்டினேன். அவள் கட்டிய கட்டை வாங்கிப் பிரித்து எண்ணிப் பார்க்க மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருநாள் முப்பத்திரண்டு குச்சி கொடுத்தேன். இரண்டு கட்டுக் கட்டினாள். மிச்சம் பத்துக் குச்சி வெளியே கிடந்தது. அதைக் கட்டாமல், இரண்டுக்குப் பக்கத்தில் பத்தை எழுதி, 210 என்று நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினேன். "முப்பத்திரண்டு குச்சி இவ கையில இருநூத்திப் பத்தாயிடுச்சு பாருங்க" என்றேன். அன்று மத்தியானத்திலிருந்து அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஏ, இருநூத்திப் பத்து" என்றுதான் தண்ணீர்க் குழாயடியில் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் முன்வரிசைக்கு வரவில்லை. குச்சி கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினேன். தோப்பில் இலை அறுக்கிறவர். கை முழுக்க வாழைக்கறை.

"வூட்ல நல்லாத்தான் எண்ணுவா டீச்சர். நான் அறுத்துப் போடுற எலைய அவதான் அடுக்கிக் கட்டுவா. ஒரு எல பெசகாது."

எனக்கு வேண்டிய பதில் முழுவதும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "புள்ளைய வேலைக்கு விட்டா படிப்பு எப்படிங்க ஏறும்?" என்று கால்மணி நேரம் வகுப்பெடுத்தேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே விடலங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் கோடைக்காற்று ஒன்று அடித்துத் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அறுக்க இலை இல்லை. லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் பிறந்த ஊர், அங்கே போகிறோம் என்று பரீட்சை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். கூடவே போகும் மதிப்பீட்டுத் தாளை நான்தான் நிரப்பினேன். கணிதம் என்ற இடத்தில், 'எண்ணத் தெரியவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் குச்சிப் பெட்டியைக் கொட்டிச் சுத்தம் செய்தேன். அடியில் மூன்று கட்டுகள் கிடந்தன, வாழைநார் முடிச்சோடு. புது வகுப்புக்கு வேண்டுமே என்று பிரித்தேன். ஒரு கட்டில் பதினொன்று இருந்தது. அடுத்ததிலும் பதினொன்று. மூன்றாவதை இரண்டு தடவை எண்ணினேன், அதுவும் பதினொன்றுதான்.

சத்துணவு சமைக்கிற அக்கா அந்த ஊர்க்காரர். அவரிடம் கட்டைக் காட்டினேன்.

"இது எலக்கட்டுல்ல டீச்சர்? பத்து எலன்னா பதினொண்ணு வச்சுத்தான் கட்டுவோம். மேல இருக்கறது பஸ்ல போறப்ப கிழிஞ்சுபோயிடும். கிழிசலுக்கு ஒண்ணு. அத யாரு கணக்குல சேப்பா?"

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அலமாரியில் கிடந்த அவளுடைய பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்து மூன்றில் பதினொன்று பதினொன்றாக இரண்டு கட்டு, மிச்சம் ஒன்று. முப்பத்து நான்கில் மூன்று கட்டு, மிச்சம் ஒன்று. முப்பத்திரண்டில் இரண்டு கட்டு போக மிச்சம் பத்து. பத்து இருந்தும் ஏன் கட்டவில்லை? கிழிசலுக்கு ஒன்று இல்லையே, எப்படிக் கட்டுவாள்! நான் சிவப்பு மையால் அடித்த ஒவ்வொரு கணக்கிலும் அவள் ஒரு குச்சிகூடப் பிசகவில்லை. ஒரே ஒரு கட்டை நான் பிரித்திருந்தால், "இது எலையில்லடி, குச்சி கிழியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

மறுநாளே அவளைத் தேடிப் போயிருக்க வேண்டும். புத்தகம் வந்தது, ஆபீசில் கூட்டம் வைத்தார்கள், ஆடிப்பெருக்கு வந்தது. ஏதோ ஒன்று சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தேன். உண்மையில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயம். ஒருவழியாக ஒரு சனிக்கிழமை, வேலை நாளாகப் பார்த்து, மூன்று பஸ் மாறி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"அந்தப் பொண்ணா? ஜூன்லயே கூட்டிட்டு வந்தாங்க. சேக்கல இன்னும். நீங்க எழுதி அனுப்பிருந்ததப் பாத்துட்டு, 'புள்ளைக்கு எண்ணவே வராதாமே, மொதல்ல டாக்டர்ட்டக் காட்டினீங்களா'ன்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு மொகமே மாறிப்போச்சு. நாளைக்கு வரோம்னாங்க. வரல."

வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், விலாசம் தெரியாது என்றார். "அந்தப் புள்ளையா? அதுக்குப் படிப்பு வராதுன்னு ஸ்கூல்ல எழுதியே குடுத்துட்டாங்களாமுங்க. அதுவே சொல்லுச்சு" என்றார். எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருமானூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். கட்டடத்தில் யூரியா மூட்டை அடுக்கியிருப்பதாகக் கேள்வி. சாய்ந்த தோப்பில் மறுபடி யாரும் வாழை வைக்கவில்லை, மனைக்கட்டு போட்டுவிட்டார்கள். இவையெல்லாம் போகட்டும், எங்கேதான் போகவில்லை! பவித்ராவுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். தனக்கு எண்ண வராது என்று இன்னமும் நம்பிக்கொண்டு எங்கோ இருப்பாள். அது ஏன் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவளிடம் போய்ச் சொல்ல எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.