ஆறாவது சரணம்

திருவூடல் தெருவில் ரபீக்கின் தையல் கடையைத் தேடிப் போகிறவர்கள் போர்டைப் பார்க்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு ஷட்டர் ஏறியதும் உள்ளேயிருந்து முகவீணைக் குழலும் மிருதங்கமும் கிளம்பிவிடும். எந்த வருஷமோ எந்த ஊரிலோ ஒரு ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுவார். அந்தத் தாளத்துக்கு ரபீக்கின் கால் மிஷினை மிதிக்கும். பிளவுஸ் தைப்பதில் அவருக்கு நல்ல பெயர். அளவு பிளவுஸைக் கையில் வாங்கி ஒரு தரம் உதறிப் பார்த்தாலே போதும், டேப்பை எடுக்கமாட்டார் என்று பெண்கள் சொல்வார்கள். ஆனால் ஐம்பத்து நாலு வயதில் அவர் பெருமைப்பட்டது தையலைப் பற்றி அல்ல. தெருக்கூத்தைப் பதிவு செய்த நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகளைப் பற்றி.

பதினேழு வயதில் சைக்கிளின் பின்னால் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தவர். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை எந்த ஊரில் எந்தக் கூத்து ஜமா ஆடுகிறது என்று அவரிடம்தான் கேட்பார்கள். இப்போது கேசட்டெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. 'கூத்துப் பைத்தியங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். இருநூறு பேருக்கு மேல். லாரி டிரைவர்கள், பேங்கில் வேலை செய்கிறவர்கள், குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒருவர். தினமும் காலையில் ரபீக் ஒரு பாட்டுப் போடுவார். முழுசாகப் போடமாட்டார். பாட்டு சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கேட்க வேண்டுமானால் கடைக்கு வரட்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். லாட்ஜ் மேனேஜர் சகாதேவன், ஆட்டோ ஓட்டும் மணிவேல். பௌர்ணமி அன்று மட்டும் மணிவேல் வரமாட்டான், கிரிவலக் கூட்டத்தில் அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மூன்று பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பாட்டை மூன்று பேர் பாடியதில் யார் பாடியது ஒசத்தி என்று சண்டை போடுவார்கள். சண்டை எப்படிச் சுற்றினாலும் கடைசியில் மண்ணாங்கட்டி வாத்தியாரிடம்தான் வந்து நிற்கும்.

மண்ணாங்கட்டி வாத்தியார் ராணி வேஷம் கட்டியவர். இறந்து பத்து வருஷமாகிறது. போருக்குக் கிளம்பும் ராஜாவை அரண்மனை வாசலில் மறித்துக்கொண்டு ராணி பாடும் பாட்டு ஒன்று. ஏழு சரணம். ரசிகர்கள் அதற்கு 'வாசல் மறிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தொண்ணூற்றாறில் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவர் பாடிய வாசல் மறிப்புக்கு ஈடு கிடையாது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதைப் பதிவு செய்தவர் ரபீக் ஒருவர்தான் என்பதும்.

அந்தப் பதிவில் ஐந்தாவது சரணம் முடிந்ததும் ஏழாவது வந்துவிடும். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரபீக் ஒரே பதிலைச் சொல்லிவந்தார். அன்றைக்கு வாத்தியாருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஒரு சரணத்தை விட்டுவிட்டார். கேட்டவர்கள் அதை மற்றவர்களுக்குச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அது சரித்திரமாகிவிட்டது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அருணாதேவி என்ற டீச்சர் இரண்டு பிளவுஸ் பிட்டோடு கடைக்கு வந்தார். கீழ்பென்னாத்தூரில் வீடு, நாற்பது வயதிருக்கும். வாசல் மறிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. லைனிங் துணியை எடுத்து வைத்த டீச்சரின் கை அப்படியே நின்றது.

"இது எங்கூரு பக்கம் நடந்த கூத்து பாய். எங்கப்பா பிடிச்சு வெச்சிருக்காரு. உங்களுதுல ஒரு சரணம் வரல, எங்களுதுல முழுசா இருக்கு" என்றார்.

ரபீக் சிரித்தபடி, அது வேறு வருஷத்துக் கூத்தாக இருக்கும் என்றார். கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்டார். டீச்சர் போன பிறகு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கையைத் தப்பாக வெட்டினார்.

டீச்சர் வீட்டில் கேசட்டுகள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சகாதேவன் அந்த வாரமே அவரைக் குரூப்பில் சேர்த்துவிட்டார். அப்போதிருந்து ரபீக்குக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சரின் அப்பா பஞ்சாயத்து பம்ப் ஆபரேட்டராக இருந்தவர், போன வருஷம் காலமானார். ஒவ்வொரு கேசட் அட்டையிலும் தேதி, ஊர், முகவீணை யார், மழை பெய்ததா இல்லையா என்பதுவரை பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். டீச்சர் அந்த அட்டைகளைப் போட்டோ எடுத்துப் போட்டார். பாட்டுகளைப் போட்டார், முழுசு முழுசாக. யார் கேட்டாலும் கொடுத்தார். குரூப்பில் காலை வணக்கமே மாறிப்போனது. ரபீக் போடும் பாட்டுக்கு நாலு கட்டைவிரல் வந்தால் டீச்சர் போடுவதற்கு அறுபது வந்தது. குவைத்துக்காரர் அழுதுவிட்டேன் என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் ரபீக்கின் பாட்டுக்கு ஒருநாளும் அழுததில்லை.

"டீச்சர் அனுப்பிச்சது கேட்டீங்களா பாய்? இன்னா கிளியரு" என்றான் மணிவேல், டீயை ஆற்றிக்கொண்டே.

பம்ப் ஆபரேட்டருக்கு மோட்டார் பக்கத்திலேயே இருந்து காது மந்தமாகியிருக்கும், அதனால்தான் சவுண்டை ஜாஸ்தி வைத்துப் பிடித்திருக்கிறார் என்றார் ரபீக். சொன்னது தனக்கே அசிங்கமாகப் பட்டது. ஆனாலும் சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஆவணியில் டீச்சர் மறுபடி வந்தார். கையில் அந்தத் தொண்ணூற்றாறு கேசட். நாடா பூசணம் பிடித்து ஒட்டிக்கிடந்தது, போட்டால் கிறீச்சென்று கத்தியது. இந்த மாவட்டத்தில் இதைச் சரி செய்யத் தெரிந்தவர் நீங்கள்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள் பாய் என்று கொடுத்தார். அந்தப் புகழ்ச்சி அவருக்கு இனிக்கத்தான் செய்தது.

மூன்று நாள் மத்தியான வேளைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு வேலை செய்தார். நாலு ஸ்குரூவைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நாடாவை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, வேறு கூட்டில் ஏற்றினார். மூன்றாம் நாள் ஓடவிட்டார். ஐந்தாவது சரணம் முடிந்தது. முகவீணை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. பிறகு வாத்தியார், அதுவரை ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தவர், குரலைத் தரையோடு தாழ்த்தினார்.

'குதிரை போக வழிவிட்டேன், கொடியும் போக வழிவிட்டேன்,
கூட வந்த உசுரு போக வழியில்லே மன்னா.'

ஊர் மொத்தமும் வாயடைத்துக் கிடந்தது பதிவில் தெரிந்தது. எங்கோ ஒரு குழந்தை இருமியது, அவ்வளவுதான். ரபீக் பதினோரு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். சந்தோஷமாக இருக்க வேண்டியவருக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு பம்ப் ஆபரேட்டர் வீட்டில், யாருக்கும் தெரியாமல், இருபத்தெட்டு வருஷம் இது இருந்திருக்கிறது. நாளைக்குக் குரூப்பில் வந்துவிடும். அதன் பிறகு தன்னுடையதை ஓட்டைக் கேசட் என்பார்கள். தொண்டை அடைத்த கதை பொய் என்று வெளியே தெரிவது இரண்டாவது கவலைதான்.

கம்ப்யூட்டரில் டீச்சருக்கான காப்பியைத் திறந்து ஆறாவது சரணத்தை மட்டும் வெட்டி எடுத்தார். துணி வெட்டுகிற கை. ஒட்டு தெரியவில்லை.

அந்த இடத்தில் நாடா போய்விட்டது, மீட்க முடியவில்லை என்று டீச்சரிடம் சொன்னார். கேசட் இருக்கட்டும், இன்னொரு தரம் முயற்சி பண்ணுகிறேன் என்றும் சொன்னார். டீச்சர் முகம் வாடியது. அப்புறம், மற்றதாவது வந்ததே என்று தேற்றிக்கொண்டு, நிலத்தில் விளைந்த வேர்க்கடலை ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். ரபீக் அதில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. மணிவேல் கொறித்துத் தீர்த்தான்.

அதன்பின் கடையில் சத்தம் குறைந்தது. ரபீக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தைத்தார். முழுப் பாட்டும் அவருக்கு மட்டும் ஓடியது. ஆனால் ஆறாவது சரணம் வரும்போது நிமிர்ந்து பார்த்தால், 'கேட்டியா?' என்று கேட்க ஆள் இல்லை. சகாதேவன் எதிரே உட்கார்ந்து டீ குடிப்பார். அவரிடம் சொல்ல முடியாது. பழைய பொறாமை டீச்சர் மேல் மட்டும் இருந்தது. இப்போது அந்தப் பாட்டைக் கேட்காமலேயே நிம்மதியாக இருக்கிற எல்லோர் மேலும் வந்தது.

மனைவி பீபி ஜான் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, வீட்டில் பேசும் உருதுவில், பாடினவர் செத்துவிட்டார், பதிவு பண்ணினவரும் செத்துவிட்டார், நீங்கள் யாரோடு போட்டி போடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் குழம்பை ஊற்றச் சொன்னார்.

கார்த்திகையில் மண்ணாங்கட்டி வாத்தியாரின் நினைவு நாள் வந்தது. குரூப்பில் ஆளாளுக்கு அவர் பாட்டைப் போட்டார்கள். பதினோரு மணிக்கு அருணாதேவி டீச்சரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அப்பாவின் கேசட்டில் ஒரு சரணம் பூசணத்தில் போய்விட்டது, ரபீக் பாய் எவ்வளவோ பாடுபட்டும் வரவில்லை, ஆனால் சின்ன வயதில் அப்பா தினமும் காலையில் போட்டுப் போட்டு எனக்கு மனப்பாடம், தப்பிருந்தால் மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு, டீச்சர் ஆறாவது சரணத்தைப் பாடினார். பாட்டுக்காரி அல்ல. சுதி ஒருபக்கம் சாய்ந்தது. ஆனால் வாத்தியார் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாரோ அதே இடத்தில் தாழ்த்தினார், மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார். அந்தப் பதிவை உள்ளுக்குள் வைத்திருக்கிறவளால்தான் அப்படிப் பாட முடியும்.

ரபீக் மிஷினை நிறுத்தினார். ஒரு ஃபைலை வெட்டி இவளிடமிருந்து எதைத்தான் எடுத்துவிட முடிந்தது என்று தோன்றியது. தினமும் காலையில், பல் விளக்கிக்கொண்டும் தலை பின்னிக்கொண்டும் அந்தச் சரணத்தைக் கேட்டு வளர்ந்தவள். நினைத்தபோது பொறாமை தணியவில்லை, இன்னும் ஆழமாக இறங்கியது.

நாலு மணிக்கு சகாதேவன் வந்தார். டீ வேண்டாம் என்றார்.

"அன்னிக்கு வாத்தியாரு அந்தச் சரணம் பாடவே இல்லன்னு நீதானப்பா சொன்ன?"

"ஆமாண்ணா" என்றார் ரபீக். மறுபடி மிஷினை மிதித்தார். சகாதேவன் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ரபீக் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். டீச்சர் வீட்டு வாசலில் கடலைக்கொடி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார் டீச்சர். ரபீக் தண்ணீரைக் குடிக்காமல், போனில் இருந்த முழுப் பதிவைப் போட்டார். ஆறாவது சரணம் முடிந்ததும் நிறுத்தினார்.

"அப்பா கேசட்ட வெட்டிட்டீங்களா பாய்?"

"கேசட்ல கை வெக்கல டீச்சர். உங்களுக்குக் குடுத்த காப்பிலதான் வெட்டினேன்."

"எதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது இதற்குப் பல பதில்களை யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"நான் அன்னிக்கு மொத வரிசைலதான் குந்தியிருந்தேன். அஞ்சாவது சரணம் முடியறப்போ கேசட் நின்னுபோச்சு. இருட்டுல தலைய குனிஞ்சு திருப்பிப் போட்டுக்கினு இருந்தேன். பட்டன் சிக்கிக்கிச்சு. நிமிர்ந்தா ஏழாவது பாடறாரு. அங்கியே இருந்தும் நான் கேக்கல டீச்சர். தொண்டை அடைச்சுதுன்னு நானா கட்டினதுதான்."

டீச்சர் கேசட்டை எடுத்து, அப்பாவின் கையெழுத்து இருந்த அட்டையைத் தடவினார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே பாய்."

"தெரியும். கேட்டு வாங்கிக்கறதுக்குத்தான் மனசு வரல."

டீச்சர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. குரூப்பில் நீங்களே எழுதிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். ரபீக் அங்கேயே உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி, நடந்ததை எழுதி முழுப் பதிவோடு அனுப்பினார். முடித்ததும் டீச்சர் வாங்கி, ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினார். அதையும் திருத்தினார்.

அந்த வாரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கத்தரிக்கோல் படத்தை அனுப்பிக் கிண்டல் செய்தார்கள். குவைத்துக்காரர், திருட்டு டெய்லர் என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்தார். சகாதேவன் பதினெட்டு நாள் டீ குடிக்க வரவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து, முகவீணையைப் பற்றிச் சண்டையை ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பதிவு ஊரெல்லாம் பரவியிருந்தது. 'டீச்சர் கேசட்' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. மணிவேல் ஆட்டோவில் அதைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் ரபீக்குக்குச் சுருக்கென்றது. அது போகவே இல்லை. இரண்டாவது சரணத்துக்குப் பிறகு மறந்துவிடும், அவ்வளவுதான்.

பங்குனியில் அடி அண்ணாமலையில் கூத்து நடந்தது. ரபீக் போனார். டீச்சரும் வந்திருந்தார், இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆவணிக்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வரவே இல்லை. கட்டியக்காரன் வேடிக்கை செய்துகொண்டிருந்தபோது டீச்சர் எட்டிப் பார்த்து, எண்பத்தொன்பதில் வாத்தியார் சின்ன வயசில் பாடின ராணி வேஷம் உங்களிடம் இருக்கிறதாமே, அப்பா அதைத் தேடிக்கொண்டே இருந்தார், அனுப்ப முடியுமா பாய் என்று கேட்டார்.

அது இன்னும் யாருக்கும் கொடுக்காதது. நாளைக்கு அனுப்புகிறேன் என்றார் ரபீக். மறுநாள் அனுப்பவில்லை. கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பாதியை மட்டும் அனுப்பினால் என்ன என்று மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள், வெட்டாமல் அனுப்பினார். டீச்சரிடமிருந்து ஒரு மணி நேரம் பதில் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.